பால் சுறா எத்தனை முழம்?

தங்கைக்குப் பிள்ளை பிறந்த பதினோராம் நாள் வீட்டில் சண்டை வந்தது. வெள்ளவத்தை பிளாட் ஒன்றின் குசினிக்குள், பக்கத்து அறையில் பிள்ளை நித்திரையாக இருக்கும்போது, குரலை உயர்த்தாமல் எவ்வளவு கோபப்பட முடியுமோ அவ்வளவு சண்டை. அம்மா சந்தையிலிருந்து சுறா வாங்கி வந்திருந்தார். பிள்ளைப்பெத்தவளுக்குச் சுறா வறை கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம், நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அம்மா பையிலிருந்து எடுத்து வைத்த துண்டு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்கு இருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது என்னைவிட நீளமான மீன்.

"இது பால் சுறாவோ அம்மா?"

"சுறா எண்டால் சுறாதானே. உன்னைப் பெத்த நேரம் அம்மம்மா எனக்கும் இதைத்தான் தந்தவ."

அம்மம்மா தந்தது இதை இல்லை என்பதுதான் என் வாதம். பால் சுறா என்பது தனி இனம். வளர்ந்த மீனே பெரும்பாலும் ஒரு மீற்றர் அளவில்தான் இருக்கும், வாழ்வதும் சில ஆண்டுகள்தான். ஆங்கிலத்திலும் அதை மில்க் ஷார்க் என்றே சொல்கிறார்கள், பால் ஊறும் என்ற நம்முடைய பக்கத்து நம்பிக்கையிலிருந்து போன பெயர் அது என்கிறார்கள். ஊரில் கரைவலையிலும் சின்ன வள்ளத்திலும் வந்த அந்தச் சின்னச் சுறாவைத்தான் கிழவிகள் பத்தியத்துக்கு எடுத்தார்கள். இப்போது கொழும்புச் சந்தையில் துண்டாகக் கிடப்பது ஆழ்கடலில் இருபது, முப்பது வருஷம் மற்ற மீன்களைத் தின்று வாழ்ந்த ஒன்றாகவும் இருக்கலாம். பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் பாதரசம் ஒன்றல்ல.

பாதரசம் கடலுக்குப் போவது பெரும்பாலும் காற்று வழியாக. நிலக்கரி எரிக்கும்போதும் சிறு தங்கச் சுரங்கங்களில் தங்கம் பிரிக்கும்போதும் ஆவியாக மேலே போய், மழையோடு இறங்குகிறது. நீருக்கடியில் பக்டீரியாக்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன, அப்புறம்தான் அது ஆபத்தான பொருளாகிறது. மிதக்கும் நுண்ணுயிர்களை நெத்தலி தின்ன, நெத்தலியைச் சூரை தின்ன, சூரையைச் சுறா தின்ன, படிக்குப் படி சேர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் உள்ளே வருகிற வேகத்தில் அது வெளியே போவதில்லை. மேல்படியில் இருக்கும் மீனின் உடம்பில் சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைவிடப் பத்து இலட்சம் மடங்கு வரை செறிவு ஏறலாம். அது கொழுப்பில் தங்காமல் தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், தோலை உரித்தாலும் கொறுக்காய்ப்புளி போட்டுக் கழுவினாலும் பொரித்தாலும் போகாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் தவிர்க்கச் சொல்லும் மீன்களில் சுறா இருக்கிறது, வாள்மீன், மார்லின், பெரிய கண் உள்ள சூரை எல்லாம் இருக்கின்றன. கொழும்பில் "நல்ல மீன்" என்று விலை கூடிய பக்கத்தில் வைப்பவையும் பெரும்பாலும் இந்தப் பெரிய மீன்கள்தான்.

யப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு இரசாயனத் தொழிற்சாலை பாதரசக் கழிவைக் குடாவுக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குடா மீனைத் தின்றவர்களுக்கு வந்த பாதரச நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. எனக்கு மறக்காத பகுதி, தாய்மாருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலே பிள்ளைகள் பாதிக்கப்பட்டுப் பிறந்தது. தாயின் இரத்தத்திலிருந்து பாதரசம் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளையிடம் போய்விடுகிறது. எங்கள் கடலில் அப்படி ஒரு தொழிற்சாலைக் கதை இல்லை, அளவும் அந்த அளவு இல்லை. ஆனால் வழி அதே வழி.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்க, தங்கை அறைக்குள் இருந்து, "அண்ணா, விரிவுரை முடிஞ்சால் யாராவது எனக்குச் சாப்பாடு தாங்கோ" என்றாள்.

அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பிறகு இரவில் உட்கார்ந்து வாசித்தபோது என் வாதத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெதைல் பாதரசம் தாய்ப்பால் வழியாகப் போவது நச்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. அப்படியானால் பதினோராம் நாள் சண்டை பிடிப்பதைவிட, அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒன்பது மாதமும் அதற்கு முந்திய சில மாதங்களும் என்ன மீன் சாப்பிட்டாள் என்று பார்த்திருக்க வேண்டும். உடம்பில் சேர்ந்த மெதைல் பாதரசத்தில் பாதி வெளியேறவே கிட்டத்தட்ட ஐம்பது நாள் எடுக்கும். பிள்ளை தரித்தது தெரிந்த அன்றைக்கு நிறுத்தினாலும் பழைய கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, அந்த மாதங்களில் என்ன சாப்பிட்டோம்? இங்கேதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்தது ஞாபகம் இருக்கும். சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணி, நைத்திரிக் அமிலம், இன்னும் என்னென்னவோ கடலில். கரையெல்லாம் சவ்வரிசி கொட்டினமாதிரி வெள்ளையாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் பல கிழமை மீனே இல்லை. பிறகு வாங்கத் தொடங்கியபோது அம்மா ஒரு முடிவு எடுத்தார், நானும் தலையாட்டினேன்: கரையில் பிடிக்கிற சாளை, சூடை, நெத்தலி வேண்டாம், அதுகள் குருணியைத் தின்றிருக்கும், ஆழ்கடல் மீன் மட்டும் வாங்குவோம். அந்த முடிவு அப்படியே பழக்கமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த அழுக்குக்குப் பயந்து, கண்ணுக்குத் தெரியாதது அதிகம் சேரும் மீனுக்கு மாறி, அதற்குக் கூடக் காசும் கொடுத்து, தங்கை வயிற்றோடு இருந்த காலம் முழுக்க தளபத்து, கெலவல்லா என்ற பெரிய ஆழ்கடல் மீன்களாகக் கறி வைத்தோம்.

பிளாஸ்டிக்கைச் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. இத்தாலியில் கழுத்து நாடி அடைப்பை வெட்டி எடுத்த 257 பேரைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்டார்கள். அடைப்புக்குள் நுண்பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று வருஷத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ வருவது மற்றவர்களைவிட நாலு மடங்குக்கு மேல். பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான். ஆனாலும் கப்பல் எரிந்ததற்கு ஒரு மாதம் மீனை விட்ட நாங்கள், கொதிக்கக் கொதிக்கச் சோறும் பருப்பும் லஞ்ச் ஷீட் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சுற்றி வரும் பார்சலை ஒரு நாளும் விடவில்லையே. 2017 செப்டம்பரில் அதற்குத் தடை வந்தது, கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்த அதே வருஷம். தடை வந்தது, ஷீட்டும் வந்துகொண்டிருக்கிறது.

மீன் சண்டை தணிந்த பிறகு அம்மா சரக்கு அரைக்க உட்கார்ந்தார், நான் மஞ்சள் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மஞ்சள் இறக்குமதியை நிறுத்திய பிறகு, 2020இல் கிலோ 4,000, 5,000 என்று போனபோது என்னென்ன தூள் எந்தெந்தப் பையில் வந்ததென்று யாருக்குத் தெரியும். அரிசிமா கலந்தால் காசுதான் நட்டம். பங்களாதேசில் நடந்தது வேறு. 1980களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன மஞ்சளைப் பளிச்சென்று காட்டுவதற்கு ஈயக் குரோமேற்று என்ற, ஈயம் உள்ள மஞ்சள் நிறப்பொடியைப் பூசத் தொடங்கி, அது பழக்கமாகி, கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதற்கு அந்த மஞ்சள்தான் முக்கியக் காரணம் என்று 2019இல் கண்டுபிடித்தார்கள். அரசாங்கம் உண்மையாகவே இறங்கி வேலை செய்தது, அபராதம் போட்டது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் இருந்த ஈயம் 2021இல் பூச்சியமாகிவிட்டது. இரண்டே வருஷம். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஈயம் பாதரசம் மாதிரிப் போய்விடும் சாமானும் இல்லை. இரத்தத்தில் ஒரு மாதம் சுற்றிவிட்டு எலும்புக்குள் போய்ப் பல பத்தாண்டு குடியிருக்கும், எலும்புக்கு அது கல்சியம் மாதிரித் தெரிவதால். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 வரை இருந்தது. நானும் தங்கையும் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்று வளர்ந்த பிள்ளைகள், எங்கள் எலும்பில் அந்தப் புகை கொஞ்சமாவது இருக்கும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் உடம்பு எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கிறது, கூடவே பழைய ஈயமும் கிளம்பி வருகிறது. அவள் பள்ளிக்கூடம் போன காலத்துக் காலி வீதி இந்தப் பிள்ளை வரைக்கும் வரும் என்று நினைக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இதில்தான் சாப்பாடு வேறு, நஞ்சு வேறு என்று நான் வைத்திருந்த பிரிவு உடைந்தது. போதிய கல்சியம் கிடைத்தால் எலும்பு கரைவது குறையும், ஈயம் கிளம்புவதும் குறையும். இரும்புச்சத்து குறைந்த உடம்பு குடலில் இரும்பைப் பிடிக்கத் திறந்து வைக்கும் அதே வாசலால் ஈயமும் கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் நுழைகின்றன. ஆக, கிளினிக்கில் மிட்வைப் மிஸ் தந்த இரும்புக் குளிசையும் கல்சியம் குளிசையும் (தங்கை பாதியை அலுமாரியில் வைத்திருந்தாள், இப்போதுதான் கண்டுபிடித்தேன்) சத்துக்கு மட்டும் தந்தவை என்று நினைக்க வேண்டாம். சோறு சாப்பிட்ட கையோடு எல்லாரும் பிளேன்டீ குடிக்கிறோமே, அந்தச் சாயம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாமல் கெடுக்கிறது. ஒரு மணித்தியாலம் பிந்திக் குடித்தால் போதும். முள்ளோடு தின்னும் நெத்தலியில் கல்சியம் இருக்கிறது, பாதரசம் மிகக் குறைவு, விலையும் குறைவு. மூன்று வருஷம் குருணிக்குப் பயந்து அதைத்தான் தள்ளி வைத்தோம்.

மீனே வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் அது இன்னொரு பிழை. சீஷெல்சில் கிழமைக்குச் சராசரி பன்னிரண்டு தடவை கடல்மீன் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளைப் பல வருஷம் சோதித்துப் பார்த்தும் பெரிய பாதிப்பு எதுவும் பிடிபடவில்லை. மீனில் உள்ள நல்ல கொழுப்பு ஈடுகட்டுகிறது என்கிறார்கள். பரோ தீவுகளில், பாதரசம் கூடிய திமிங்கில இறைச்சி தின்ற தாய்மாரின் பிள்ளைகளிடம்தான் பாதிப்புத் தெரிந்தது.

அப்புறம், இலங்கையில் ஐந்து மரணத்தில் நாலு நெஞ்சு வருத்தம், சீனி வருத்தம், புற்றுநோய் போன்ற தொற்றாத நோய்களால்தான். மஞ்சளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நான் பின்னேரம் இரண்டு ரோல்ஸும் சீனி மூன்று கரண்டி போட்ட தேத்தண்ணியும் எடுக்கிறேன். இதை அம்மா சொன்னார், நான் சொல்லவில்லை.

அந்தப் பெரிய துண்டை நானும் அம்மாவும் இரண்டு நாள் சாப்பிட்டு முடித்தோம். தங்கைக்குச் சரக்குக் கறிக்குச் சூடை மீன் வந்தது, முள் எடுக்கிற வேலை எனக்கு. அடுத்த சனிக்கிழமை காலை அம்மா சந்தையில் இருந்து அழைப்பு எடுத்தார்.

"தம்பி, முழு மீனாக் காட்டச் சொல்லிப் பாத்தனான். தலையும் வாலும் சேத்து என்ர கையாலை ஒண்டரை முழம். வாங்கட்டோ?"

பின்னால் மீன்காரர் சிரிப்பது கேட்டது. வாங்குங்கோ என்றேன்.

"மஞ்சளும் முடிஞ்சுது. அதை எப்பிடி அளக்கிறது?"