குவார்னுக்கு வந்த குட்டி ரயில்

தெற்கு ஆஸ்திரேலியாவில் குவார்ன் என்றொரு சிற்றூர். 1906-இல் அங்கே ஒரு விசித்திர வண்டி வந்து சேர்ந்தது. முன்னால் குட்டி நீராவி எஞ்சின், அதோடு ஒட்டிப் பிறந்ததுபோல் ஒரே ஒரு பயணிகள் பெட்டி. அவ்வளவுதான் முழு ரயிலும்! எஞ்சின், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்ஸன் கம்பெனி 1905-இல் செய்தது. நாலு பேர் ஏறும் தடத்தில் பெரிய எஞ்சினைப் பூட்டி நிலக்கரியைக் கொட்டுவானேன் என்பது ரயில்வேயின் கணக்கு. நியாயமான கணக்குதான். எஞ்சினின் தோற்றத்தைப் பார்த்து 'காபி பாட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரசு ஏட்டில் இருந்த பெயரை யார் சீந்தினார்கள்?

பழைய ரயில்களைப் பாதுகாத்து ஓட்டும் பிச்சி ரிச்சி ரயில்வே என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் 1980-களில் அதைச் சீரமைத்து மறுபடி ஓடவிட்டார்கள். புண்ணியவான்கள்!

ஆஸ்திரேலியா போகும் நண்பர்களே, சிட்னி பாலத்தின் படங்கள் போதும். இந்தக் குட்டி ரயிலின் படம் ஒன்று அனுப்புங்கள்.