லயத்துக் குழாயும் கெர்ரியின் கேள்விகளும்

என் மகள் அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கெர்ரி மாவட்டத்தில் மருத்துவராகப் பணியில் சேர்ந்த பிறகுதான், அந்த நாட்டு நாடாளுமன்றப் பதிவேடுகளை வாசிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. மகள் இருக்கும் ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் தொடங்கிய பழக்கம் அது. இப்போது பணி ஓய்வுக்குப் பின் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் காலை நேரத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொள்கிறது. டோல் என்று அழைக்கப்படும் அவர்களின் மக்களவை 1919 ஜனவரி 21ஆம் நாள் முதன்முதலாகக் கூடியது. அன்று முதல் இன்று வரை அங்கே பேசப்பட்டவற்றை யார் வேண்டுமானாலும் கணினியில் எடுத்துப் படிக்கலாம்.

நான் அதிகம் வாசித்தது கெர்ரியின் ஹீலி-ரே குடும்பத்தாரின் உரைகளை. தந்தை ஜாக்கி ஹீலி-ரே 1997இல் கட்சி எதுவும் இல்லாமல் தெற்கு கெர்ரியிலிருந்து தேர்வானார். பெரும்பான்மை இல்லாமல் அமைந்த பெர்ட்டி அஹெர்னின் அரசு அவரைப் போன்ற சில சுயேச்சைகளின் ஆதரவில்தான் நின்றது. அந்த ஆதரவுக்கு ஈடாகத் தம் வட்டாரத்துச் சாலைகளுக்கும் திட்டங்களுக்கும் அவர் பணம் கேட்டதை நாடே அறியும். 2011இல் அவர் விலகியதும் மகன் மைக்கேல் வந்தார். 2016இல் மைக்கேலின் அண்ணன் டேனியும் வெல்லவே, அண்ணனும் தம்பியும் ஒரே தொகுதியின் உறுப்பினர்களாக அவைக்குள் நுழைந்தனர். தந்தையைப் போலவே மைக்கேலும் தலையில் தொப்பியுடன்தான் அவையில் எழுந்து பேசுவார்.

டப்ளின் நகரத்தார் இத்தகைய அரசியலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் பொதுவாக இருக்கும் அடிகுழாயைச் சுற்றிச் சுற்றி வரும் அரசியல் என்பது அதன் பொருள். நாட்டின் பெரிய விவகாரங்களைப் பேச வேண்டிய இடத்தில் சாலைக் குழியையும் தெருவிளக்கையும் பேசுகிறார்களே என்ற குறை அந்தப் பெயரில் இருக்கிறது. அந்தச் சொல்லை முதலில் படித்தபோது எனக்கு எங்கள் இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் குழாய்தான் நினைவுக்கு வந்தது. ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே குழாய். விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பேர் பதிவதற்கு, முன்பே வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, குளிரில் கைகளைக் கக்கத்தில் இடுக்கியபடி என் பாட்டி நின்றிருப்பார். தண்ணீர் வராத நாளில் அவர் மரம் சீவும் பால்காட்டுக்குப் பிந்திப் போவார், பிந்திப் போனால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. குழாயடிப் பேச்சு சிறிய பேச்சு என்று அந்த வரிசையில் நின்ற எவரும் சொல்லமாட்டார்கள்.

இந்தக் குரல்கள் அவைக்குள் வருவதற்கு அவர்களின் தேர்தல் முறை ஒரு முக்கியக் காரணம். வாக்காளர் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர்களின் பெயருக்கு நேராக 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எழுதுகிறார். கெர்ரி 5 உறுப்பினர்களைக் கொண்ட தொகுதி என்பதால், செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைக் கடந்தவர் வென்றுவிடுவார். அதற்கு மேல் அவர் பெற்ற உபரி வாக்குகள் வாக்காளர் எழுதிய அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்குப் போகும். 2016இல் மைக்கேல் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதல் விருப்ப வாக்குகளைப் பெற்றார். தேவைக்கு மேல் இருந்தவற்றில் ஒரு பெரிய பங்கு அண்ணன் டேனிக்குச் சென்று அவரையும் கரைசேர்த்தது. சில கிராமங்கள் ஒன்றுசேர்ந்து மனது வைத்தால், எந்தக் கட்சியின் தயவும் இல்லாமல் தங்கள் ஆளை அனுப்ப முடிகிறது. நம் நாட்டில் ஒரு தொகுதிக்கு ஒருவர்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, எஞ்சியவையும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி, மக்கள் நாலா பக்கமும் சிதறிய பிறகு, எந்தத் தொகுதியிலும் தோட்டத்து வாக்கு தனியே நின்று வெல்லும் அளவுக்கு இல்லை. நம் வாக்கு சிலருக்கு வெற்றியைத் தேடித் தருகிறது, ஆனால் நமக்கென்று ஓர் ஆளைத் தருவதில்லை.

கெர்ரி உறுப்பினர்கள் அவையில் எழுப்பியவற்றில் என் மனத்தை மிகவும் தொட்டது கண்புரை அறுவைச் சிகிச்சை. அங்கே அரசு மருத்துவமனைகளில் அதற்கான காத்திருப்புப் பட்டியல் மிக நீளமாக இருந்தது. வயதானவர்கள் ஆண்டுக்கணக்கில் பார்வை மங்கிக் கிடந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒன்றின்படி, ஓர் உறுப்பு நாட்டின் குடிமகன் இன்னோர் உறுப்பு நாட்டில் சிகிச்சை பெற்றுவிட்டு, செலவைத் தம் நாட்டுச் சுகாதாரத் துறையிடம் திரும்பப் பெறலாம். வட அயர்லாந்து அப்போது பிரிட்டனோடு சேர்ந்து ஒன்றியத்துக்குள்தான் இருந்தது. டேனி ஹீலி-ரேயும், பக்கத்துத் தொகுதியான தென்மேற்குக் கார்க்கின் சுயேச்சை உறுப்பினர் மைக்கேல் காலின்ஸும் 2017 இறுதியில் ஒரு பேருந்தை ஏற்பாடு செய்து, நோயாளிகளை அயர்லாந்துத் தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலையில், வட அயர்லாந்தில் இருக்கும் பெல்பாஸ்ட் நகரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அதன்பின் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவையில் எழுந்து, சொந்த நாட்டில் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு முதியவர்கள் இத்தனை தூரம் போக வேண்டியிருக்கிறதே என்று அமைச்சர்களிடம் கேட்டார்கள். பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகியதும் அந்த வழி அடைபட்டது. ஆனால் 2021 தொடக்கத்திலிருந்தே அயர்லாந்து அரசு வட அயர்லாந்துச் சிகிச்சைக்கென்று தனியாக ஒரு திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பேருந்து நிறைய நோயாளிகளை அழைத்துச் சென்ற ஒருவர் கேள்வி கேட்கும்போது, அமைச்சர் புள்ளிவிவரத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

இதைப் படித்த காலத்தில் என் அம்மாவுக்கும் இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றில் முதல் தேதி கொடுத்து, பிறகு அதைத் தள்ளிவைத்து, மறுபடியும் தள்ளிவைத்தார்கள். காரணம் கேட்டால் பட்டியல் நீளம் என்ற ஒரே பதில்தான் வந்தது. அம்மா பருப்பைச் சுளகில் கொட்டி, பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு, விரல் நுனியால் தடவித் தடவிக் கல் பொறுக்குவார். கடைக்காரர் கொடுக்கும் மிச்சப் பணத்தில் 5 வெள்ளி எது, 10 வெள்ளி எது என்று தெரியாமல் அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு வந்து என் கையில் கொடுப்பார். பெல்பாஸ்ட் பேருந்தைப் பற்றி நான் சொன்னபோது, "அந்த ஊர்லயும் கெழவிங்களை இப்படித்தான் காக்க வைக்கிறானுங்களா தம்பி?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சற்று ஆறுதல் அடைந்தது போலவே எனக்குத் தோன்றியது.

அஞ்சலகங்களைப் பற்றிய உரைகளும் ஏராளம். 2018இல் அஞ்சலக அதிபர்கள் விருப்ப ஓய்வு பெற்றதை ஒட்டி 159 அஞ்சலகங்களை மூடும் அறிவிப்பு வந்தது. அவற்றில் பெரும்பாலானவை சிற்றூர்களில் இருந்தவை. வாரம் ஒரு முறை ஓய்வூதியம் வாங்க வரும் முதியவர் அப்படியே கடைக்குப் போவார், நாலு பேரிடம் பேசுவார், வராவிட்டால் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள் என்பது கிராமத்து உறுப்பினர்களின் வாதம். பேருந்து நிறுவனம் ஒன்று இலாபமில்லை என்று சொல்லி எங்கள் தோட்டத்துப் பாதையில் பேருந்தை நிறுத்திய பிறகு இங்கேயும் அதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து கொண்டிருந்த மூன்று பாட்டிமார்களை அதற்குப் பின் நான் துக்க வீடுகளில் மட்டுமே பார்த்தேன்.

அவர்கள் சொன்னவை எல்லாம் எனக்கு உடன்பாடு அல்ல. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 முதல் 80 மில்லிகிராம் வரை மது இருந்தாலும் ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் பறிக்கும் சட்டம் 2018இல் வந்தபோது, டேனி ஹீலி-ரே அதை மிக நீண்ட உரைகளால் எதிர்த்தார். தனியே வாழும் முதிய விவசாயி மாலையில் ஒன்றிரண்டு கோப்பை குடித்துவிட்டு நாலு பேரைப் பார்த்துத் திரும்ப வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போவார் என்பது அவர் கூற்று. அவர் கில்கார்வன் ஊரில் மதுக்கடை நடத்துபவர் என்பதையும் எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியது. என்னோடு ஆறாம் வகுப்பு வரை படித்த நண்பன் ஒருவன், குடித்திருந்த லாரி ஓட்டுநரால் எங்கள் தோட்டத்து முச்சந்தியில் இறந்தவன். அவனைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆகவே அந்த உரைகளை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அந்தத் தனிமை பொய்யல்ல. அந்த விவாதம் நடந்த அதே ஆண்டில் கிராமப்புறங்களுக்கு மாலை, இரவு நேரப் பேருந்துச் சேவைகளை அரசு பரிசோதனையாகத் தொடங்கியது. சட்டமும் வேண்டும், பேருந்தும் வேண்டும் என்பதே என் கருத்து.

பருவநிலை பற்றியும் அப்படித்தான். வானிலை கடவுளின் கையில் இருக்கிறது, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்ற பொருளில் டேனி 2016இல் அவையில் பேசியபோது உலகமே அதைச் செய்தியாக்கியது. அது தவறான பேச்சு. ஒவ்வோர் ஆண்டும் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறும் ஊரில் இருந்துகொண்டு அதை நான் வேறு விதமாகச் சொல்ல முடியாது. ஆனால் கரிமண்ணை வெட்டி, காயவைத்து, அடுப்பில் இட்டுக் குளிர்காய்ந்து வந்த குடும்பங்கள் வேறு எதைக் கொண்டு வீட்டைச் சூடாக்கும் என்று 2022இல் எரிபொருள் பற்றிய புதிய விதிகள் வந்தபோது கிராமத்து உறுப்பினர்கள் பலர் கேட்டது நியாயமான கேள்வி. சொந்தத் தேவைக்கு வெட்டிக்கொள்ளும் உரிமை அந்த விதிகளில் காக்கப்பட்டது.

கில்லார்னி தேசியப் பூங்காவில் ரோடோடென்ட்ரான் என்ற அயல்நாட்டுச் செடி பரவி, ஓக் மரக் காடுகளின் அடித்தளத்தையே மூடிக்கொண்டிருந்தது. அதை அழிக்க இராணுவத்தையே இறக்குங்கள் என்று மைக்கேல் ஒருமுறை அவையில் கேட்டார். பலர் சிரித்தார்கள். லாலான் புல் ஏறிய காட்டைச் சுத்தம் செய்திருக்கும் எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

நம் ஊரிலும் இப்படிக் கேட்டவர்கள் உண்டு. எங்கள் தொகுதியின் உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் பறிபோனதைக் கண்டு 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி உறுப்பினர்களைச் சேர்த்தார். 2008 முதல் 2018 வரை இருந்த மருத்துவர் ஜெயக்குமார் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுரிமையைத் தொடர்ந்து பேசினார். அவர்கள் கேட்டதும் குழாயடியில் தொடங்கிய கேள்விகள்தான்.

மைக்கேல் ஹீலி-ரே 2025 ஜனவரியில் வேளாண் துறையில் காடு வளர்ப்புக்குப் பொறுப்பான துணை அமைச்சரானார். அதே மாதத்தில் ஏயோவின் என்ற புயல் வீசி எண்ணற்ற மரங்களைச் சாய்த்துவிட, அதுவரை கேள்வி கேட்டுப் பழகியவர் பதில் சொல்லும் இடத்தில் நின்றார். அந்தப் பதில்களை மகளும் நானும் தொலைபேசியில் சேர்ந்தே படித்தோம்.

அம்மாவுக்கு ஒரு வழியாகச் சிகிச்சை நடந்து, இப்போது நாள்காட்டியில் கிழமையையும் இராகு காலத்தையும் தாமே படிக்கிறார். நம் வட்டாரத்தில் கண்புரைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் எத்தனை பேர், சராசரியாக எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள், தோட்டத்துப் பாதைக்குப் பேருந்து எப்போது திரும்பும் என்ற மூன்று கேள்விகளை மலாயில் எழுதி, மக்களவையில் எழுத்துப்பூர்வமாக எழுப்பும்படி எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரான ஒய்.பி.யின் சேவை மையத்தில் சென்ற வாரம் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கிருந்த இளைஞர் நகலில் முத்திரை குத்தி, தேதி எழுதி, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையில் இருந்த தேதியைச் சத்தமாகப் படித்தார்.