மீன்பாசி ஏலம் எடுத்த அனுபவம்

எங்கள் ஊர்க் குளம் திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் கடைமடைப் பக்கம் இருக்கிறது. அதன் மீன்பாசி குத்தகையை, அதாவது குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, 2024-ல் நாங்கள் நான்கு பேர் கூட்டுச் சேர்ந்து மூன்று வருஷத்துக்கு எடுத்தோம்.

முதல் ஏலத்தில் தோற்றோம். காசு இல்லாததால் அல்ல. டேவணித் தொகைக்கு (ஏலத்தில் கலந்துகொள்ளக் கட்டும் முன்பணம்) எடுத்த டிடியில் (வங்கி வரைவோலை) அதிகாரியின் பதவிப்பெயர் அறிவிப்பில் இருந்தபடி இல்லை, ஒரே ஒரு சொல் மாறியிருந்தது. உறையைப் பிரித்ததுமே ஒதுக்கிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. நல்லவேளை, மற்றவர்கள் கேட்ட தொகை போதாது என்று மறு ஏலம் விட்டார்கள். டிடி எடுக்கப் போகும்போது அறிவிப்பையே கையில் கொண்டு போங்கள்.

அப்புறம் தொகை. எல்லாரும் குளம் எத்தனை ஏக்கர் என்று பார்க்கிறார்கள். தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்று பாருங்கள். குத்தகைக்குக் கணக்கு வருவாய்த்துறையின் பசலி ஆண்டுதான், அது ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. எங்கள் குளம் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் பெருகும். பிசான நெல் அறுப்பு முடிந்து பங்குனி வந்தால் முழங்கால் அளவு, சித்திரையில் சேறு. வருஷத்தின் பன்னிரண்டு மாதக் குத்தகையில் மீன் வளர்வது ஐந்து மாதம்! மடையை மீனுக்காக அடைக்கச் சொல்லவும் முடியாது, நிபந்தனையிலேயே இருக்கிறது. பயிருக்குத்தான் முதல் தண்ணீர், அதுதான் நியாயமும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் முந்தைய குத்தகைதாரரின் மீன், உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகால் வழியே போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். வெள்ளம் வடிந்த வாழைத் தோட்டத்தில், ரெண்டு கிலோ இருக்கும், ஒரு கட்லா கெண்டை செத்துக் கிடந்தது. அதனால் மூன்று வருஷத்தில் ஒரு வருஷ வரவு இல்லை என்று வைத்தே தொகை போட்டோம்.

மறு ஏலத்தன்று வேப்பமரத்தடியில் ஒருவர் வந்து, "தம்பி, நீங்க விலகிக்கிடுங்க. ஆளுக்குப் பத்தாயிரம் தாரோம், நாங்க குறைச்சுக் கேட்டு எடுத்துக்கிடுதோம்" என்றார். எங்களில் மூத்தவர், "வேண்டாம் அண்ணாச்சி, அது பொதுப்பணம்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் பின்னாலேயே நாங்களும் போனோம்.

உறையைப் பெட்டியில் போட்ட பிறகு வாய்மொழி ஏலம், கடைசியில் உறை பிரிப்பார்கள். இரண்டில் எது கூடுதலோ அதுதான் நிற்கும். வாய்மொழியில் வீம்பு வந்துவிடும் என்று பயந்து, எங்களால் முடிந்த உச்சத்தை உறையிலேயே எழுதிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தோம். "ஒரு தரம், ரெண்டு தரம்" கேட்கும்போது உள்ளங்கை நனைந்துவிட்டது. உறை பிரித்தபோது எங்கள் தொகை 3,500 ரூபாய் கூடுதல்.

மீதிப் பணம், முத்திரைத்தாள் ஒப்பந்தம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. கார்த்திகையில் குஞ்சு வாங்கினோம். குளத்தில் விரால் உண்டு, பொடிக் குஞ்சை விட்டால் தின்றுவிடும், அதனால் விரல் நீளக் குஞ்சாகவே எடுத்தோம். வெயில் தாழ்ந்த பிறகு, ஆக்ஸிஜன் அடைத்த பைகளைக் கட்டவிழ்க்காமல் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம். பையின் சூடும் குளத்தின் சூடும் ஒன்றானதும் வாயைத் திறந்து சாய்த்தேன். கணுக்காலில் உரசிக்கொண்டு போயின.