இஸ்தான்புல்லில் கரை மாறும் வழிகள்

அக்டோபர் 14, திங்கள்

வீடு ஆசியாவில், அலுவலகம் ஐரோப்பாவில். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு இதுதான் அன்றாடம். இரண்டுக்கும் நடுவே பாஸ்பரஸ் நீரிணை ஓடுகிறது. நான் தங்கியிருக்கும் மோடா, காடிகோய் துறைக்கு நடந்து போகும் தூரம். வேலை எதிர்க்கரையில், லெவென்த் என்ற மேட்டுப் பகுதியில்.

இஸ்தான்புல்கார்ட் வாங்கியாயிற்று. நிலைய வாசல்களில் இதற்கென்றே இயந்திரங்கள் நிற்கின்றன. காசு போட்டால் அட்டை வரும். பிறகு அதிலேயே பணம் ஏற்றிக்கொள்ளலாம். பஸ், மெட்ரோ, டிராம், கப்பல், மலையேறும் கம்பி ரயில் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஓர் அட்டை போதும். கூட வருபவருக்கும் அதையே இன்னொரு முறை காட்டிக்கொள்ளலாம். கட்டணத்தை இங்கே எழுதி வைப்பதில் பயனில்லை, விலைவாசியோடு சேர்ந்து அதுவும் ஏறிக்கொண்டே போகிறது.

கரை மாற எனக்கு மூன்று வழி. பாலத்தின் மேலே மெட்ரோபஸ், கடலுக்கு அடியில் மர்மராய் ரயில், நடுவில் கப்பல். மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

மெட்ரோபஸ். காடிகோய் துறையிலிருந்து கொஞ்சம் உள்ளே நடந்தால் சோவுத்லுசெஷ்மே. வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பதால் உட்கார இடம் கிடைக்கிறது. அடுத்தடுத்த நிறுத்தங்களில் ஏறுபவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2007-இல் தொடங்கிய தடம் இது, இரவு பகல் 24 மணி நேரமும் ஓடுகிறது. நெடுஞ்சாலையின் நடுவே தனிப்பாதை. பக்கத்துச் சாலையில் கார்கள் நகராமல் நிற்கும்போது நம் பஸ் விர்ரென்று போய்க்கொண்டிருக்கும்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒன்று உறைத்தது. துருக்கியில் எல்லா வண்டிகளும் வலப்பக்கம் போகின்றன. மெட்ரோபஸ் மட்டும் அதன் தனிப்பாதையில் நம் ஊர்போல இடப்பக்கம் போகிறது. காரணம் எளிது. மேடை இரண்டு திசைக்கும் பொதுவாக நடுவில் இருக்கிறது, பஸ்ஸின் கதவோ வலப்புறம். கதவு மேடையைப் பார்க்க வேண்டுமென்றால் தடத்தை மாற்றத்தான் வேண்டும். புதிதாக இடக்கதவு பஸ் செய்யாமல், இருக்கிற பஸ்ஸை வைத்தே தீர்த்துவிட்டார்கள். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது.

பாஸ்பரஸின் முதல் பாலம் 1973 அக்டோபர் 30 அன்று திறக்கப்பட்டது. அதன் மேல் மட்டும் தனிப்பாதை கிடையாது. மற்ற வண்டிகளோடு கலந்துதான் போக வேண்டும். பாலம் முடிந்ததும் சிஞ்சிர்லிகுயு. அங்கிருந்து லெவென்த் பக்கம்தான்.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று அடிவழி. காடிகோய் மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம் போய் அய்ரிலிக் செஷ்மேசியில் மர்மராய்க்கு மாற வேண்டும். ஆசியக் கரையில் உஸ்குதார் நிலையம், அதற்கு அடுத்தது ஐரோப்பியக் கரையில் சிர்கெஜி. அந்த இரண்டுக்கும் இடையில்தான் தலைக்கு மேலே கடல். நாலு நிமிடம்கூட ஆகவில்லை என்று நினைக்கிறேன். வெளியே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. வண்டியில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, எல்லோரும் போனில் மூழ்கியிருக்கிறார்கள். ஆனால் இந்த இடத்தில் பாறையைக் குடைந்து போகவில்லை. கரையில் கட்டிய பெரிய கான்கிரீட் குழாய்களை நீரில் இறக்கி, கடலடியில் ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். நீளம் 1.4 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் நீர்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர். துருக்கிக் குடியரசின் 90-ஆவது ஆண்டு நாளான 2013 அக்டோபர் 29 அன்று திறந்தார்கள்.

நான் இறங்கியது யெனிக்காபி, மெட்ரோவுக்கு மாறும் பெரிய சந்திப்பு. இந்த நிலையத்துக்காகத் தோண்டியபோது பைசாந்தியக் காலத்துத் தியோடோசியஸ் துறைமுகம் வெளிப்பட்டது. மண்ணுக்குள் 37 மரக்கலங்கள்! அவற்றுக்கும் கீழே புதிய கற்கால மனிதர்களின் காலடித் தடங்கள். சுமார் 8,000 ஆண்டுப் பழையவை என்கிறார்கள். ரயில் திட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போனதற்கு இந்த அகழாய்வும் ஒரு காரணம். தள்ளிப்போனது நல்லதே. ரயில் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் ஊர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்; அந்தக் கலங்கள் மேல் கான்கிரீட் கொட்டியிருந்தால் போனது போனதுதான்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று: மர்மராயில் உள்ளே நுழையும்போது முழுத் தூரத்துக்கான கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். இறங்கிய இடத்தில், வாயிலுக்கு வெளியே இருக்கும் சிறிய இயந்திரத்தில் அட்டையைக் காட்டினால் மீதி திரும்ப வரும். மெட்ரோபஸ்ஸிலும் இதே முறைதான். அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

கப்பல். இதை நான் சுற்றுலாக்காரர்களுக்கானது என்று விட்டுவைத்திருந்தேன். காலை எட்டு மணிக் காடிகோய் துறையில் சுற்றுலாக்காரர் ஒருவரும் கண்ணில் படவில்லை. பள்ளிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், காய்கறிப் பையோடு ஒரு பாட்டி. கண்ணாடிக் கதவு திறந்ததும் எல்லோரும் ஒரே சீராக நடந்து உள்ளே போனார்கள். எதிர்க்கரையில் பெஷிக்தாஷ் துறை போய்ச் சேர அரை மணி நேரத்துக்குள்தான் ஆனது. வெளிப்பக்க மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன். தட்டில் தேநீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டு ஒருவர் ஆடாமல் அசையாமல் நடந்து வந்தார். சிலர் சிமித் என்ற எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்துக் கடற்காக்கைகளுக்கு வீசினார்கள். பெரும்பாலோர் எதுவும் செய்யாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று ரயிலில் போனில் மூழ்கியிருந்ததும் இதே ஊர் மக்கள்தானே. கப்பலில் அவர்கள் முகம் வேறாக இருக்கிறது.

1973-க்கு முன்னால் இங்கே கரை மாற நீர்வழியை விட்டால் வேறு வழி இல்லை. நீராவிக் கப்பல் நடத்துவதற்கென்று 1851-லேயே ஒரு நிறுவனம் ஏற்படுத்தினார்கள், ஷிர்கெதி ஹைரியே என்று பெயர். பாலங்கள் வந்தன, சுரங்கங்கள் வந்தன, இருந்தும் கப்பலை நிறுத்தவில்லை. அதே அட்டை, கிட்டத்தட்ட பஸ் கட்டணம். அதை வேடிக்கைப் பொருளாக்கி விலையை ஏற்றாமல் தினசரி வண்டியாகவே வைத்திருப்பதுதான் இந்த ஊர் செய்த பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

குடியரசு நாள். ஊர்ப் பஸ், மெட்ரோ, கப்பல் எல்லாம் இலவசம். எங்கும் கூட்டம், கொடி. மாலை வரை வீட்டை விட்டு நகரவில்லை.

நவம்பர் 9, சனி

சித்தப்பாவும் சித்தியும் வந்திருக்கிறார்கள். சித்தப்பா தெற்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அரண்மனை, மசூதி எல்லாம் சித்தியின் பட்டியல். சித்தப்பா கேட்டது ஒன்றே ஒன்று: துனெல் என்ற பழைய சுரங்க ரயில்.

காராக்கோய் அடிவாரத்திலிருந்து மேட்டின் மேலே பெயோலு வரை 573 மீட்டர். செங்குத்தான தெருவில் ஜனங்கள் மூச்சு வாங்க ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு பிரெஞ்சுப் பொறியாளர், காவாந் என்பவர், நினைத்துக் கட்டியது. 1875 ஜனவரியில் திறந்தது. உலகில் நகரச் சுரங்க ரயில் என்று பார்த்தால் லண்டனுக்கு அடுத்தது இதுதான்.

நடுவழியில் எதிர்வண்டி விலகிப் போவதைப் பார்ப்பதற்காகச் சித்தப்பா முன்பக்கத்திலேயே நின்றார். ஒற்றைத் தடம், நடுவில் மட்டும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஏற ஒன்று இறங்கும்.

"ஏம்மா, இது மோட்டாருக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா? இறங்குறவன் எடையே ஏறுறவனைப் பாதி இழுத்துடும்."

"மேல போறதுக்குள்ள ஒன்றரை நிமிஷம் ஆயிடும் சித்தப்பா, கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க."

"இரு, இரு. இன்னொரு தடவை போகலாம்."

போனோம்.

மேலே இஸ்திக்லால் தெருவில் சிவப்பு டிராம். ஐரோப்பியக் கரையில் டிராமை 1961-இல் நிறுத்தினார்கள், ஆசியக் கரையில் 1966-இல். 1990-இல் இந்தத் தெருவில் மட்டும் பழைய பெட்டிகளையே தூசி தட்டி ஓட விட்டார்கள். சித்தப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய அப்பா மதராஸ் டிராமில் வேலைக்குப் போனவர். 1895-இல் மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய வண்டி, 1953-இல் நின்றே போயிற்று. "நம்ம ஊர்ல ஒரு பெட்டியையாவது ஓட வெச்சிருக்கலாம்" என்றார். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு.

நவம்பர் 10, ஞாயிறு

ஊரைச் சுற்ற மூவரும் காலையிலேயே கப்பல் ஏறினோம். ஒன்பது மணி சுமாருக்கு நடுநீரில் இருந்தோம். 9:05 ஆனதும் கரையில் சங்கொலி எழுந்தது. எங்கள் கப்பல் நின்றது. நீண்ட ஊதல் ஒன்று கொடுத்தது. சுற்றிலும் இருந்த கப்பல்களும் ஊதின. பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். தேநீர்க்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொடையோடு ஒட்டி நின்றார். சித்தப்பாவும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார், யாரும் சொல்லவில்லை.

துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் இறந்த நேரம் அது. 1938 நவம்பர் 10, காலை 9:05, டோல்மாபாஹ்சே அரண்மனையில். அந்த அரண்மனை பெஷிக்தாஷ் பக்கத்துக் கரையிலேயே இருக்கிறது, வெள்ளையாக நீளமாக. என் பக்கத்தில் நின்ற நடுவயதுப் பெண்ணின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. பிறகு கப்பல் நகர்ந்தது, தேநீர்த் தட்டும் நகர்ந்தது.

சித்தி கேட்டாள்: "தினமும் நீ இதுலயா போறே?" ஆமாம் என்றேன்.

நவம்பர் 28, வியாழன்

லோடோஸ் அடிக்கிறது. தெற்கிலிருந்து வரும் வெப்பக் காற்று. மர்மராக் கடலைக் கலக்கிவிடும். தலைவலி வந்தால்கூட இங்கே அதன் மேல்தான் பழி. காலையில் துறைக்கதவு மூடியிருந்தது, சேவை ரத்து என்ற அறிவிப்போடு. கூட்டம் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை; பாதிப்பேர் மெட்ரோ படிக்கட்டுக்கும் மீதிப்பேர் மெட்ரோபஸ் பக்கமும் திரும்பிவிட்டார்கள். ஒரு வழி அடைபட்டால் இன்னும் இரண்டு இருக்கின்றன, கையில் இருக்கும் அதே அட்டை மூன்றிலும் செல்லும். நானும் அடிவழியாகப் போனேன். நெரிசல்தான், மூச்சு முட்டியது. ஆனாலும் அலுவலகத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

மாலையில் காற்று தணிந்து கப்பல் விட்டார்கள்.

டிசம்பர் 6, வெள்ளி

இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. லெவென்த் பக்கமே, அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு காலி இருக்கிறது, மாறிக்கொள்கிறாயா என்று மேலாளர் கேட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். மெட்ரோபஸ்ஸில் போனால் இப்போதே பாதி மிச்சம், அது எனக்கும் தெரியும். கப்பலில் போய், பெஷிக்தாஷிலிருந்து மேட்டில் ஏறும் பஸ்ஸைப் பிடித்துப் போவதுதான் மூன்றிலும் நீண்ட வழி.

மாலை வீட்டுக்காரம்மாவைப் பார்த்து, மார்ச் வரை மோடாவிலேயே இருக்கிறேன் என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டேன்.