சமத்துக் குழந்தை

மாசி மகத்துக்குத் தீர்த்தவாரிக்காக வந்திருந்த சாமிகளுள் ஒன்று, மறுநாள் பிற்பகல் எங்கள் குழந்தைக் காப்பகம் இருந்த முத்தியால்பேட்டைத் தெரு வழியாகச் சென்றது. மேளச் சத்தமும் வாசலுக்கு நேரே கொளுத்திய சரவெடியும் சேர்ந்து, தூங்கிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளையும் வீரிட்டு அழ வைத்துவிட்டன. ஏழாவது குழந்தை மட்டும் தூளியில் அசையாமல் உறங்கினான். மாலையில் அழைத்துப்போக வந்த அவன் தாயிடம், "இவன மாதிரி சமத்து யாருமில்லைங்க, வெடி வெடிச்சாக்கூட எழுந்திருக்க மாட்டேங்கறான்" என்று பெருமையாகச் சொன்னேன். தினக்குறிப்பு நோட்டிலும் உறக்கத்துக்கான கட்டத்தில் 'நல்ல தூக்கம்' என்று எழுதினேன்.

இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

அப்படிச் சொன்னதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஒரு வயது நிரம்பாத ஏழு பேரை நானும் ஓர் ஆயாம்மாவும் பார்த்துக்கொண்ட இடத்தில், தானாக உறங்கும் குழந்தை வரம். அவன் ஏன் உறங்குகிறான் என்று யோசிக்கக் கை ஓய்ந்திருக்க வேண்டுமே. தவிர, அவன் சத்தமே எழுப்பாதவனும் அல்லன். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே 'ங்கா' சொல்லும் என்பதும், ஏழு முதல் பத்து மாதங்களுக்குள் வரவேண்டிய 'பாபாபா', 'மாமாமா' என்னும் அடுக்கு மழலைதான் அதற்குத் தள்ளிப்போகும் என்பதும் பயிற்சியின்போது எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டவையே. நோட்டில் எழுதிப் படித்தது வேறு, தூளியில் கிடப்பவனிடம் அதைக் கண்டுகொள்வது வேறு என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

சந்தேகத்தைக் கிளப்பியது அந்தத் தூளிதான். மற்றக் குழந்தைகள் பேச்சுக்குரல் கேட்டு விழிப்பார்கள். இவனோ, தூளித் துணியின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டாலே கண் திறந்துவிடுவான். வெடிக்கு எழாதவன் விரலுக்கு எழுகிறானே என்று உறைத்த அன்று, அவன் விளையாடிக்கொண்டிருக்கையில் முதுகுப்புறம் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. மறுநாள் தட்டியபோது திரும்பிச் சிரித்தான். அன்று எனக்கிருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் விழுந்த என் நிழலைப் பார்த்துத்தான் திரும்பினான் என்பது புரிய மேலும் பத்து நாள் ஆயிற்று.

காப்பகத்தை நடத்தியவரிடம் சொன்னேன். "நாம டாக்டர் இல்ல. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி. பெத்தவங்கள பயமுறுத்தாதீங்க" என்றார். அதையும் தவறென்று சொல்ல மாட்டேன். பிள்ளை தவழவில்லையே என்று பதறும் தாய்மாருக்கு, தவழாமலே நடந்துவிடும் பிள்ளைகள் உண்டு என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் காது விஷயத்தில் அந்தத் தாராளம் கிடையாது. பிறந்து 1 மாதத்துக்குள் முதற்பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் கருவி அல்லது பயிற்சி என்பது மருத்துவர்களின் கணக்கு. 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து தாய்மார் எங்களிடம் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே அந்தக் கெடு ஏறக்குறைய தீர்ந்திருக்கும். இவன் வந்ததே ஏழாம் மாதத்தில். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வரவேண்டிய மருத்துவக் குழு எங்களைப் போன்ற தனியார் காப்பகத்தின் படியேறி நான் பார்த்ததில்லை. ஆகவே நாங்கள் கவனிக்காவிட்டால் வேறு யார் என்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர், தாத்தா, பாட்டி எல்லாரும் இருக்கும் குழந்தைக்கு எல்லாப் பொறுப்பையும் என் தலையில் ஏற்றிக்கொள்வதுகூட ஒருவகைத் தற்பெருமையோ என்றும் தோன்றுகிறது.

மாசி மகம் கழிந்து ஐந்து வாரங்களுக்குப் பிறகு, உரிமையாளர் இல்லாத ஒரு மாலையில் தாயிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நீங்கதான மிஸ் சமத்துன்னு சொன்னீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். 'கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறானே' என்று அவருடைய மாமியார் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தாராம். வெடிக்குக்கூட எழாத சமத்து என்று மிஸ்ஸே சொல்கிறார்கள் என்று சொல்லித்தான் அவர் வாயை அடைத்தாராம்.

பதினோராம் மாதத்தில் இரண்டு காதுகளுக்கும் கருவி பொருத்தினார்கள். அந்த ஐந்து வாரத்தால் அவனுக்கு என்ன குறைந்தது என்று நான் எந்த மருத்துவரிடமும் கேட்டதில்லை.

கருவிக்கு முன் செய்த 'பெரா' என்னும் செவிப் பரிசோதனையைக் குழந்தை உறங்கும்போதுதான் செய்வார்களாம். அங்கே போனதும் உறங்க வேண்டும் என்பதால், காலை முழுவதும் அவனைத் தூங்கவிட வேண்டாம் என்று சொல்லித்தான் அன்று அவன் தாய் என்னிடம் விட்டுப்போனார். மற்ற ஆறு பேரையும் ஆயாம்மா தூங்க வைக்க, நான் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன், காக்கையைக் காட்டினேன், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். பதினொரு மணிக்கு என் தோளில் சாய்ந்து கண் செருகினான். பழக்கத்தில் அவன் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு நினைவு வந்து உள்ளங்காலைத் தொட்டேன்.