எம்மெல்யே பாட்டா பிறந்த வருஷம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, அடக்க ஆராதனை நோட்டீஸ், நினைவஞ்சலி போஸ்டர் என்று இருபது வருடமாக ஓடுகிறது. இறந்தவர்களைப் பற்றி எழுதிக் கை பழகிவிட்டது என்ற தைரியத்தில்தான் தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய கட்டுரையைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். மூன்று மாதம் ஆகிறது. இன்னும் அவர் பிறந்த வருஷத்தைத் தாண்டவில்லை.

பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நாலு பேர் போய் ஆளுக்கொன்றாகத் திருத்தி வைப்பார்கள். திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தவர். எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில், அதன் தலைவர் நேசமணியின் பின்னால் நின்ற பலரில் ஒருவர். மாவட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஊரில் 'எம்மெல்யே பாட்டா' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்டுரை மொத்தம் ஏழு வரி. சட்டமன்றத்தில் இருந்தவர் என்பதால் குறிப்பிடத்தக்கமை இல்லை, அதாவது தனிக் கட்டுரை வைக்கும் அளவுக்கு ஆள் இல்லை என்று யாரும் அழிக்க மாட்டார்கள். அந்தக் கவலை இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு பத்தி எழுதிச் சேமித்தேன். 'தன்னலம் கருதாத தலைவர்', 'ஏழைகளின் தோழர்', 'அன்னாரது மறைவு இப்பகுதிக்குப் பேரிழப்பு' எல்லாம் இருந்தது. இருபது நிமிஷத்தில் காணவில்லை. கட்டுரையின் திருத்தங்களைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், புகழ்ச்சொற்கள் நீக்கம், சான்று இல்லை என்று ஒரு வரி. கோபம்தான் வந்தது. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பப் படித்தபோது விஷயம் புரிந்தது. நான் எழுதியது கட்டுரையே இல்லை, சுற்றிலும் கறுப்பு பார்டர் போட வேண்டிய நோட்டீஸ். போன வாரம் வேறொருவருக்கு அடித்த வாசகத்தில் ஆளை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அப்புறம் மணல்தொட்டிக்குப் போனேன், விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் பக்கம் அது. அங்கே எழுதிப் பார்த்து, அடித்து, திரும்ப எழுதலாம். யாரும் கேட்க மாட்டார்கள். 'பிறந்தார்', 'போட்டியிட்டார்' என்று மரியாதையாக எழுதலாம், 'ஐயா' வேண்டாம், 'அன்னார்' வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் ஆனது விரல் பழக.

அடுத்தது வலப்பக்கத்துத் தகவற்பெட்டி. பிறப்பிடம் 'சென்னை மாகாணம், பிரித்தானிய இந்தியா' என்று இருந்தது. மதுரைக்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் போடுவதை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான். அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி. 1949 ஜூலைக்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானம். திருத்தினேன். இறந்தது 1976-இல், அதனால் அங்கே 'தமிழ்நாடு' சரி. 1969 ஜனவரி 14-க்கு முன் போயிருந்தால் 'சென்னை மாநிலம்' என்று போட வேண்டியிருக்கும்.

கட்டுரையின் அடியில் அதைவிடப் பெரிய கூத்து. 'கேரளச் சட்டமன்ற உறுப்பினர்கள்' என்று ஒரு பகுப்பு, அதாவது கட்டுரையை எந்த வகையில் சேர்ப்பது என்ற அடிக்குறி. கேரள மாநிலம் பிறந்த அதே நவம்பர் 1-ஆம் தேதிதான் நாம் இந்தப் பக்கம் வந்தோம். அவர் உட்கார்ந்த சபையும் அதற்கு முன்பே, மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததோடு முடிந்துபோனது. ஒரு நாள்கூட அந்த மாநிலத்தில் இராத மனிதரை, அதிலும் பிரிந்து போக வேண்டும் என்று சத்தம் போட்டவரை, கொண்டுபோய் அங்கேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாட்டா பார்த்திருந்தால் கம்பை எடுத்திருப்பார். பகுப்பை எடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மூன்று மாதத்தில் முழுசாக நின்ற திருத்தம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிறந்த வருஷத்துக்கு வருகிறேன். கட்டுரையில் 1911 என்று இருந்தது. சான்றாக ஒரு நாளிதழ்ச் செய்தி: 2011-இல் ஊரில் நடந்த நூற்றாண்டு விழா. சான்று இருக்கிறதே என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் வேறொரு உறவினர் அடக்கத்துக்குப் போனபோது கல்லறைத் தோட்டத்தில் பாட்டாவின் கல்லைப் பார்த்தேன். பாசி பிடித்து எழுத்தே தெரியவில்லை. தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்தேன். அப்போதும் தெரியவில்லை. போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்ததும் குழிந்த இடமெல்லாம் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வந்தது: 'பிறப்பு கொல்லம் 1087 தை'. இறப்பு மட்டும் இங்கிலீஷ் தேதியில்.

கொல்லம் ஆண்டு என்கிற மலையாள வருஷக் கணக்கு எங்கள் பக்கத்துப் பழைய பத்திரம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். புது வருஷம் ஆவணியில் தொடங்கும். ஆவணியிலிருந்து மார்கழி நடு வரைக்கும் 824 கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்த பிறகு 825. 1087 ஆவணி என்றால் 1911 ஆகஸ்டு. 1087 தை என்றால் 1912 ஜனவரியோ பிப்ரவரியோதான். யாரோ மாசத்தைப் பார்க்காமல் 824 கூட்டியிருக்கிறார்கள். ஆக, குடும்பம் நூற்றாண்டு விழாவை ஒரு வருஷம் முந்திக் கொண்டாடிவிட்டது.

அந்த யாரோ யார் என்று பார்க்கத் தோன்றியது. விழா நோட்டீஸ் எங்கே அடித்தது? எங்கள் கடையில்தான். பழைய ஹார்டு டிஸ்கில் பேஜ்மேக்கர் கோப்பு அப்படியே இருந்தது. அந்தக் கால ஃபான்ட் இப்போதைய கம்ப்யூட்டரில் இல்லாததால் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வந்தது. எண்கள் மட்டும் சுத்தமாகத் தெரிந்தன. 1911. அந்தக் காலத்தில் இப்படி மலையாள வருஷத்தோடு யாராவது வந்தால் நானே 824 கூட்டிப் போட்டுக் கொடுப்பேன், நல்ல பெயர் வாங்க. இதையும் நான்தான் கூட்டினேனா என்று சத்தியம் பண்ண முடியாது. கூட்டவில்லை என்றும் பண்ண முடியாது. நோட்டீஸைப் பார்த்துச் செய்தி போட்டிருக்கிறார்கள், செய்தியைப் பார்த்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். என் கடைப் பிழை அச்சில் ஏறி, சான்றாக மாறி, என் முன்னாலேயே வந்து நிற்கிறது.

கட்டுரையோடு இருக்கும் உரையாடல் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். கையொப்பத்துக்கு நாலு அலைக்குறி போட மறந்து, அதற்கும் ஒரு குட்டு வாங்கினேன். பழைய பயனர் ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னார். வருஷத்தை மாற்றிக் கணக்கிடுவது விக்கிப்பீடியா ஏற்காத சொந்த ஆய்வு ஆகாது; ஆனால் கல்லில் வெட்டியிருப்பதே சரியா என்பதற்கு வெளியான சான்று ஒன்று வேண்டும் என்றார். திருச்சபை அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தேன். 1912 பிப்ரவரி, அப்பா பெயர், வீட்டுப் பெயர், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அது வெளியான புத்தகம் இல்லையே. அலமாரிக்குள் இருப்பதை வாசகர் எப்படிப் போய்ப் பார்ப்பார்? இப்போதைக்கு '1911 அல்லது 1912' என்று போட்டிருக்கிறோம். எனக்கு நாக்கில் முள் நிற்பது மாதிரி இருக்கிறது.

குண்டு விஷயம் இன்னும் சிக்கல். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அன்று பாட்டாவுக்குக் காலில் குண்டு பட்டது என்பது ஊரில் அத்தனை பேருக்கும் தெரியும். அவர் விந்தி விந்தி நடப்பதை எங்கள் அம்மா பார்த்திருக்கிறாள். பேரன் கடைக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, பாட்டாக்கு வெடி பட்டத ஏன் போடல்ல?"

"எதுலயாவது அச்சாயிருக்கா மக்கா?"

"ஊருக்கே தெரியும் அண்ணே."

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன். எல்லைப் போராட்டம் பற்றிய ஒரு புத்தகத்தில், கைதானவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, இன்ஷியல் தப்பாக. 'கைதானவர்களுள் ஒருவர்' என்று பக்க எண்ணோடு சேர்த்தேன். குண்டைச் சேர்க்கவில்லை. பேரன் இரண்டு வாரம் ஜெராக்ஸ் எடுக்க எதிர்க்கடைக்குப் போனான்.

படம் கிடைக்கவில்லை. வீட்டில் ஃபிரேம் போட்ட நல்ல படம் இருக்கிறது, மூலையில் ஸ்டூடியோ முத்திரையோடு. படம் வீட்டில் இருப்பதால் உரிமையும் வீட்டுக்காரர்களுக்கு வந்துவிடாது. வெளியான படமென்றால் 60 வருஷம் என்கிறது சட்டம். சுவரில் தொங்கிய படம் வெளியானதா என்று கேட்டால் நான் எங்கே போவேன். கல்லறைக் கல்லை நானே எடுத்த படத்தை, விக்கிப்பீடியாவுக்குப் படம் சேர்க்கும் பொதுவகத்தில் ஏற்றியிருக்கிறேன்.

கட்டுரை இப்போது பதினோராயிரம் பைட்டு. கேட்க மட்டும் நன்றாக இருக்கும். தமிழில் 'க' மூன்று பைட்டு, 'கி' ஆறு, ஆக இரண்டு பக்கம்கூட வராது.

போன வியாழக்கிழமை பேரன் திரும்ப வந்தான். வருகிற செப்டம்பரில் 50-ஆம் ஆண்டு நினைவு நாள். நோட்டீஸ் அடிக்க வேண்டும், பத்திரிகைக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டுமாம். "அண்ணே, பொறந்த வருஷம் எதப் போட?" என்றான். 1912 என்று நான் அடித்துக் கொடுத்தால் போதும். செப்டம்பரில் செய்தி வரும், அக்டோபரில் அதையே சான்றாகப் போட்டுவிடலாம். கீபோர்டில் கை வைத்துவிட்டு எடுத்தேன். பதிவேட்டுப் பக்கத்தின் நகலைச் சபையில் எழுதிக் கேட்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். நோட்டீஸிலேயே அந்தப் பக்கத்தைச் சின்னதாக அச்சடிக்கலாம் என்று ஒரு யோசனை. அவன் வரும்வரை அந்த இடத்தில் நாலு புள்ளி வைத்துச் சேமித்திருக்கிறேன்.