59-ஆம் நாள்

“மேடம், உங்க கட்சிக்காரப் பையன் கேஸ்ல இன்னைக்கு எத்தனாவது நாள்?”

கோர்ட் வராந்தாவில் கையில் டீ கிளாஸோடு ஏட்டு கேட்டார். “59 ஏட்டு சார். நாளையோட 60” என்றேன். கிளாஸை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் 60 என்று எழுதினார். கீழே ஒரு கோடும் போட்டார். மறுநாள் மதியம் மூன்று மணிக்குக் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது.

2022-இல் நடந்தது. வழிப்பறி வழக்கு, இரண்டாம் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரை கோர்ட்டில் எதிரி என்போம்), 19 வயது. அந்தப் பிரிவுக்குக் கெடு, ரிமாண்ட் செய்து காவலில் வைத்ததிலிருந்து 60 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் எதிரியின் உரிமை. குற்றம் எப்படிப்பட்டது என்று பார்த்து நீதிபதி மறுக்க முடியாது. ஆனால் நாம் ஜாமீன் மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு. இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு போய், புதிய சட்டத்தின் 187 வந்திருக்கிறது. 60 நாளும், கடுமையான குற்றங்களுக்கான 90 நாளும் மாறவில்லை.

அதனால்தான் நாட்களை எண்ணு, வாயைத் திறக்காதே என்று சீனியர் முதல் வாரமே சொல்லித் தந்தார். மனுவைத் தம்புச் செட்டித் தெருவில் டைப் அடித்து வாங்கி வந்து பையில் வைத்திருந்தேன். தேதிக்கான இடம் மட்டும் காலி.

அப்புறம் ஏன் சொன்னேன்? ரிமாண்ட் தேதி அவர்கள் கேஸ் கட்டிலேயே இருக்கிறது, நான் ஒன்றும் ரகசியத்தைச் சொல்லிவிடவில்லை. பையனைக் கொண்டுவரும்போதெல்லாம் அவன் அம்மா இரண்டு நிமிடம் பேச விட்ட மனிதர் அவர். அவர் முகத்தைப் பார்த்து எப்படிப் பொய் சொல்வது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பொய்யே தேவைப்பட்டிருக்காது. “கட்டைப் பாக்கணும் சார்” என்றால் போதும். தினமும் நூறு பேரிடம் சொல்லும் வார்த்தைதான்.

செல்போனைப் பறிகொடுத்த பெண்ணையும் யோசிக்கிறேன். வீட்டு வேலை செய்பவர். போனுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி என்றார். அவருக்கும் நியாயம் வேண்டாமா? வேண்டும். ஆனால் இந்த ஜாமீனால் வழக்கு முடிந்துவிடாது, விசாரணை நடக்கத்தான் செய்யும். ஆக அந்தச் சமாதானமும் நிற்கவில்லை.

2020-இல், சென்னையிலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலையில் ஜாமீன் மனு, அன்று மாலையே அரசுத் தரப்பின் புகார் (அந்த வழக்கில் குற்றப்பத்திரிகைக்குச் சமம்). மனு முந்திவிட்டதால் உரிமை எதிரிக்கே என்றார்கள். அந்த உரிமை வந்ததும் தாமதிக்காமல் வக்கீலும் மாஜிஸ்திரேட்டும் எதிரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எதிரிக்கு! நான் ஏட்டிடம் சொன்னேன்.

கணக்கில்கூட நான் பாதுகாப்பாக நின்றேன். ரிமாண்ட் செய்த நாளைச் சேர்ப்பதா விடுவதா என்று அப்போது தீர்ப்புகள் இரண்டு விதமாக இருந்தன. மனு ஒரு நாள் முந்திப்போய் தள்ளுபடி ஆகிவிடக் கூடாதே என்று அந்த நாளை விட்டு எண்ணினேன். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று முடித்துவைத்தது. அப்படிப் பார்த்தால் குற்றப்பத்திரிகை வந்த நாள் 61, உரிமை காலையிலேயே வந்துவிட்டது. அன்று காலை பத்தரைக்கு நான் கோர்ட்டில்தான் இருந்தேன். மனுவும் என் பையில் இருந்தது. நான் வாய் திறந்தது தவறா, மனுவை நீட்டாதது தவறா என்று மாற்றி மாற்றி யோசிக்கிறேன். எது பெரிதாகத் தெரிகிறதோ, அன்றைக்கு மற்றது சின்னதாகிவிடுகிறது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வழக்கமான ஜாமீன் மனுவில் அவன் வெளியே வர மேலும் 23 நாள் ஆனது. அம்மாவோடு ஆபீசுக்கு வந்தான். “வக்கீலம்மா புண்ணியத்துலதான்” என்று அந்த அம்மா ஆப்பிள் பையை மேசையில் வைத்தார். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

“மேடம், 60 நாள் தாண்டுனா விட்டுருவாங்கன்னு புழல்ல எல்லாரும் சொன்னாங்க. நானும் எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

“சார்ஜ் ஷீட் போட்டுட்டாங்கப்பா” என்றேன்.

“சரி மேடம்” என்றான்.